பெருங்கொம்பன் யானையைக் கலைப்படமாக எடுப்பது எப்படி: தோட்டத்துப் பயிற்சி முதல் சுவரில் மாட்டும் வரை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறேன். ஆப்பிரிக்க யானைகளைப் படமெடுக்க இரண்டு முறை கென்யா போய் வந்தேன். அதன் பிறகு, சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள். முதலில் பெரிய லென்ஸ் வாங்குகிறார்கள், அப்புறம் டிக்கெட் போடுகிறார்கள். படம் எப்படி இருக்க வேண்டும் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது. கீழே உள்ள வரிசை அதைத் திருப்பிப் போட்டது. சுவரில் தொங்கும் பிரிண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். பணமும் மிச்சம், படமும் கிடைக்கும்.

பெருங்கொம்பன் என்று நான் சொல்வது, ஒவ்வொரு கொம்பும் 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆப்பிரிக்க ஆண் யானையை. கொம்பின் நுனி ஏறக்குறைய தரையைத் தொடும். இந்த வேலை முழுவதுக்கும் அந்த நுனிதான் அளவுகோல். ஒவ்வொரு படியிலும் அது திரும்ப வரும்.

1. முதலில் சுவரை அளங்கள்

படம் எந்த அளவில், எந்த அறையில் தொங்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சாதாரண வீட்டுக்கூடத்துக்கு நான் சொல்வது 30க்கு 20 அங்குலம். நாலைந்து அடி தள்ளி நின்று பார்ப்போம். யானைக்கும் அதற்குரிய இடம் கிடைக்கும்.

24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000 புள்ளிகள் தருகிறது. அதை 30 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 200 புள்ளி. அந்தத் தூரத்திலிருந்து பார்க்க இது தாராளம். ஆனால் வீட்டுக்கு வந்து படத்தின் பாதி அகலத்தை வெட்டிவிட்டால் 100 புள்ளிதான் மிஞ்சும். தோலின் சுருக்கங்கள் மாவு பூசியது போலக் குழைந்துவிடும். அதனால் பழைய கேமராவே போதும். வெட்டத் தேவையில்லாத ஃபிரேமை அந்த இடத்திலேயே அமைப்பதுதான் முக்கியம்.

2. லென்ஸை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்

"600 மில்லிமீட்டர் வாங்கலாமா அண்ணே?" வகுப்புக்கு வரும் முக்கால்வாசிப் பேரின் முதல் கேள்வி இது. பதிலைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்த ஆண் யானையின் தோள் உயரம் மூன்று மீட்டருக்கு மேல். மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் ஃபிரேமின் உயரத்தில் ஐந்து மீட்டர் அடங்க வேண்டும். முழு ஃபிரேம் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், 70 மி.மீ. லென்ஸுக்கு யானையிலிருந்து 15 மீட்டர் தூரம் வேண்டும். 200 மி.மீ.க்கு 42 மீட்டர். 600 மி.மீ.க்கு 125 மீட்டர்.

அந்த 125 மீட்டருக்கு நடுவில் இருப்பது சூடேறிய மண்ணின் மேல் நெளியும் காற்று. மத்தியானம் மெர்சிங் ரோட்டில் தார் மேலே தண்ணீர் மாதிரி ஆடுமே, அதேதான். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாக இருந்தாலும் அந்த நெளிவு படத்தில் விழும்; பிறகு எடுக்கவே முடியாது. இன்னொன்று: தூரத்து லென்ஸ் யானையைப் பின்னணியோடு ஒட்டித் தட்டையாக்கிவிடும். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில்தான் கொம்பு நம்மை நோக்கி நீண்டு வரும்.

ஆக, 70–200 ஒன்று, 24–70 ஒன்று, இரண்டு கேமரா உடல்கள். இரண்டாவது உடலை வாடகைக்கு எடுத்தாலும் பரவாயில்லை, ஒன்றோடு போகாதீர்கள். கென்யாவின் அம்போசெலிப் பூங்காவின் தூசியில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சார் முதல் நாளே புள்ளி புள்ளியாகிவிடும்.

3. இடமும் மாதமும்

நம் நாட்டு யானை ஆசிய யானை. அதில் ஆணுக்குத்தான் வெளியே தெரியும் கொம்பு வளரும், அதுவும் எல்லா ஆணுக்கும் இல்லை. காஹாங் பக்கம் செம்பனைக்குள் யானை இறங்குவது நமக்குப் பழகிய செய்தி. அதைப் படமெடுக்கப் பின்னால் போகாதீர்கள். குருத்து தின்ன வந்த யானையும் கன்றைக் கூட்டி வந்த யானையும் மனிதனைக் கண்டால் ஓடும், இல்லையென்றால் திருப்பித் துரத்தும். வரிசையாக நிற்கும் செம்பனைக்கு நடுவே நீங்கள் ஓடித் தப்ப வழி இருக்காது. தோட்டத்தில் யானையைப் பார்த்தால் விலகி நின்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

தரை தொடும் கொம்புள்ள யானைகளுக்குப் பேர்போனவை கென்யாவின் அம்போசெலியும் சாவோவும். முதல் பயணத்துக்கு நான் அம்போசெலியைத்தான் சொல்வேன். 392 சதுர கிலோமீட்டர் பூங்கா, பெரும்பகுதி தட்டையான வெளி, வறண்ட ஏரிப்படுகை. வெளி தட்டையாக இருந்தால்தான் கொம்பின் நுனி வரை தெரியும். அங்கே 1972லிருந்து யானைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள், அதனால் யானைகள் வண்டியைக் கண்டு மிரளுவது குறைவு. சாவோ மிகப் பெரியது, புதரும் அதிகம். யானையைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாட்கள் போகும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஜனவரி, பிப்ரவரியும் நல்லது. மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை. மழைக்கப்புறம் புல் உயர்ந்துவிடும், நுனி மறைந்துவிடும். எல்லாரும் பச்சைப்பசேல் என்று இருக்கும்போது போக ஆசைப்படுகிறார்கள். நமக்கு வேண்டியது வெறுந்தரை.

குறைந்தது ஆறு நாள் ஒரே இடத்தில் தங்குங்கள். ஆறு நாளில் மூன்று பூங்கா பார்க்கும் சுற்றுலாவில் போனால் யானையைப் பார்ப்பீர்கள், ஆனால் ஒளியும் யானையும் ஒன்றுசேரும் நேரம் கிடைக்காது. இப்படிச் சொல்வதால் ஒரு விஷயமும் சொல்ல வேண்டும்: பெருங்கொம்பன் தென்படும் என்று யாராலும் உறுதி தர முடியாது. உறுதி தருகிற கைடை நம்பாதீர்கள்.

4. தோட்டத்திலேயே மூன்று பயிற்சி

இதைத் தாண்டிப் போகாதீர்கள். அங்கே பெரிய கொம்பன் உங்கள் முன் கடப்பது சில நிமிடம்தான். அப்போது பொத்தானைத் தேடக் கூடாது.

முதல் பயிற்சி பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில். காலையில் மரம் சீவிய கொஞ்ச நேரத்தில் போங்கள். கறுத்த பட்டை, அதன் மேல் வடியும் வெள்ளைப் பால்கோடு, கீழே மங்கில் சொட்டும் பால். யானையின் தோலும் கொம்பும் இதே உறவில்தான் இருக்கின்றன. கேமராவைத் தன் போக்கில் விட்டால், கறுப்பைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கும். பால்கோடு வெளுத்து விவரமே இல்லாமல் போகும். பாலின் வழவழப்பு தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். எத்தனை படி (ஒரு படி குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் முக்கால் படிக்கும் ஒரு படிக்கும் நடுவில் வரும்.

இரண்டாவது, பெரட்டுக்களத்திலோ தமிழ்ப்பள்ளித் திடலிலோ ஒரு நண்பரை நிற்க வைத்து, கேமராவை மூன்று உயரத்தில் வைத்து எடுப்பது: தலைக்கு மேல், மார்பளவு, முழங்காலளவு. தட்டை நிலத்தில் அடிவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் ஆளை வெட்டும். மார்பளவில் எடுத்தால் கோடு மார்பில் ஓடும். முழங்காலளவில் எடுத்தால் ஆள் முழுவதும் வானத்தில் எழுந்து நிற்பார். இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் பிறகு வண்டியில் எங்கே உட்கார வேண்டும் என்று என்னைக் கேட்பதே இல்லை.

மூன்றாவது, ஆழம்: எங்கிருந்து எங்கு வரை கூர்மையாக விழுகிறது என்பது. இரண்டு மீட்டர் வெள்ளை பிவிசி குழாயின் ஒரு முனையைச் செம்பனை மரத்தில் சாய்த்து, மறுமுனை உங்களைப் பார்க்குமாறு தரையில் ஊன்றுங்கள். 10 மீட்டர் தள்ளி 200 மி.மீ.யில் நின்று எஃப் 2.8இல் எடுங்கள் (எஃப் என்பது அபர்ச்சர், லென்ஸின் துளை அளவு; எண் சிறிதானால் துளை பெரிது). கூர்மையாக இருப்பது மொத்தமே 40 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். எஃப் 8இல் 1.2 மீட்டர் வரும். இப்போது 70 மி.மீ.க்கு மாறி எஃப் 8இல் எடுத்தால், ஏறக்குறைய 7 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை கூர்மை.

கல்யாணம் எடுத்துப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மணப்பெண்ணுக்குப் பின்னணியைக் கரைத்தே பழகிய கை, யானைக்கும் எஃப் 2.8க்குப் போகிறது. கண் கூர்மையாக இருக்கும், ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் நீண்டிருக்கும் நுனி கலங்கிவிடும். நுனி கலங்கிய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட முடியாது.

வகுப்பு நடக்கும் நாட்களில் தோட்டத்து மாடுகளையும் விடுவதில்லை. மாடு எந்தப் பக்கம் நடக்கும் என்று ஊகித்து, அதற்கு முன்னால் போய்க் காத்திருந்து எடுக்கப் பழகுங்கள். உண்மையான யானையின் தோலைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் பகாங்கில் குவாலா காண்டா யானைகள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஒரு நாள் போய் வருவது வீண்போகாது.

5. கிளம்புவதற்கு முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முதலில். கென்யாவிலிருந்து மலேசியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாளுக்கப்புறம்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அதே மருத்துவரிடம் கேளுங்கள்.

பிளாஸ்டிக் பை எடுத்துப் போகாதீர்கள். நாம் துணி, செருப்பு, மிக்சர் எல்லாவற்றையும் கடைப்பையில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். கென்யாவில் 2017லிருந்து பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. 2020லிருந்து தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் வையுங்கள்.

கேமராவைத் தாங்க வைக்கும் பீன் பேக்கை வெறும் உறையாக எடுத்துப்போய், அங்கே அரிசியோ பருப்போ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டியில் முக்காலிக்கு இடமில்லை. லென்ஸ்களைக் கிளம்பும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்த லென்ஸில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். எதிர்வெளிச்சத்தில் எடுக்கும்போது அது முழுப் படத்தையும் மங்கலாக்கும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் உலர்பெட்டி ஒன்று வாங்குவது லென்ஸ் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய செலவு.

நேர வித்தியாசம் ஐந்து மணி. அங்கே காலை ஆறு என்றால் இங்கே பதினொன்று; விடியலில் எழுவது சுலபம். மாலை ஆறு மணி உங்கள் உடம்புக்கு இரவு பதினொன்று. முதல் இரண்டு நாள் மத்தியானம் கட்டாயம் தூங்குங்கள், இல்லையென்றால் நல்ல மாலை ஒளியில் கண் செருகும்.

6. வண்டியும் கைடும்

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தங்குமிடத்தில் குறையுங்கள். வண்டியில் குறைக்காதீர்கள்.

முதல் பயணத்தில் நான் கூரை திறக்கும் வேனில், மற்ற பயணிகளோடு போனேன். கூரைக்கு மேல் நின்று எடுத்தேன். தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம். வீட்டுக்கு வந்து பார்த்தால், படத்துக்குப் படம் அடிவானக் கோடு யானையின் கண்ணை வெட்டிக்கொண்டு ஓடியது. வெளுத்த மண்ணின் மேல் வெளுத்த கொம்பு கரைந்து போயிருந்தது. நான்கு நாள் படத்தில் ஒன்றைக்கூடப் பிரிண்ட் போடவில்லை. திடல் பயிற்சியை நான் எல்லாரையும் கட்டாயமாகச் செய்யவைப்பது அதனால்தான்.

பக்கவாட்டில் திறந்த லேண்ட் குரூசரைக் கேளுங்கள். முழு வண்டியையும் உங்களுக்கென்று எடுங்கள், இரண்டு நண்பர்களாகப் பகிர்ந்துகொண்டால் தாங்கும். வண்டியின் தரையில் உட்கார்ந்து, கதவின் கீழ்விளிம்பில் பீன் பேக் வைத்து எடுத்தால் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடலாம். கேமராத் திரையை மடக்கித் தூக்கிப் பார்த்தால் இன்னும் கீழே போகும்.

தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டி இறக்கக் கூடாது, குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு நீங்களும் இறங்கக் கூடாது, அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. காசு கொடுத்துக் கைடை விதி மீறச் சொல்லாதீர்கள். மாட்டினால் போவது அவருடைய பிழைப்பு. பூங்காவைச் சுற்றி மாசாய் மக்களின் நிலங்களில் கிமானா போன்ற காப்பகங்கள் இருக்கின்றன. அங்கே விதிகள் வேறு, சில இடங்களில் பயிற்சி பெற்ற காவலரோடு இறங்கித் தரையில் படுத்து எடுக்க அனுமதி கிடைக்கும். பூங்காவில் நான்கு நாள், காப்பகத்தில் இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கைடிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது: யானைக்குப் பின்னால் போக வேண்டாம், அது போகும் வழிக்கு முன்னால் போய் எஞ்சினை அணைத்துக் காத்திருப்போம். அம்போசெலியில் யானைகள் இரவைச் சுற்றுப்புறக் காட்டில் கழித்துவிட்டு, காலையில் வறண்ட வெளியைக் கடந்து சதுப்புக்கு வரும், மாலையில் திரும்பும். சதுப்பில் இறங்கிவிட்டால் கொம்பின் பாதி தண்ணீரிலும் புல்லிலும் மறையும். நமக்கு வேண்டியது அந்தக் கடக்கும் நேரம் மட்டும்.

துரத்திக்கொண்டு போனால் கிடைப்பது யானையின் பின்புறம். அதோடு யானையும் பதற்றமாகிவிடும். அணைத்து வைத்த வண்டியை அது ஒரு பாறை மாதிரி எடுத்துக்கொண்டு தன் வழியில் வரும். எவ்வளவு கிட்டே வருவது என்பதை அதுவே முடிவு செய்யட்டும்.

மதம் பிடித்த ஆணை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் நீர் வழிந்த கறை இருக்கும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தலையை உயர்த்தி வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட யானையின் வழியில் நிற்கக் கூடாது. காதை விரித்து நின்று தலையை உதறினால், அல்லது கைடு "போவோம்" என்றால், அந்தக் கணமே கேமராவை மடியில் வைத்துவிடுங்கள்.

7. ஒளியும் அளவும்

காலை ஆறரையிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து ஆறரை. நடுவில் வெளிச்சம் தலைக்கு மேல் இருந்து கண்குழியை இருட்டாக்கும், காற்றும் நெளியும். மேகமூட்டமான நாள் மட்டும் விலக்கு: கறுப்பு வெள்ளைக்கு அந்த மென்மையான ஒளி நாள் முழுக்க நல்லது.

கேமராவை மேனுவலில் வையுங்கள். ஷட்டர், நடக்கும் யானைக்கு 1/500. காது வீசும்போதும் தூசி எழும்பும்போதும் 1/1250. அபர்ச்சர் எஃப் 8 அல்லது எஃப் 11. மிச்சத்தை ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) பார்த்துக்கொள்ளட்டும். கொஞ்சம் குருணை விழுந்தால் பிரிண்டில் அது தெரிவதே இல்லை, அசைந்து கலங்கியது தெரியும். கோப்பு ராவாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக இருக்க வேண்டும்.

வெளிச்சத்தை எப்போதும் கொம்புக்கு அளங்கள். தோல் இருட்டினால் பிறகு மேலே தூக்கலாம். வெளுத்துப்போன கொம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மாலை ஒளியில் கவனம் இன்னும் வேண்டும்: மஞ்சள் ஒளியில் சிவப்பு நிறம்தான் முதலில் எல்லை தாண்டும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) சரியாகக் காட்டும், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள்.

8. ஃபிரேமுக்குள் கொம்பு

மேலே சொன்னதெல்லாம் இந்த ஒரு படிக்குத்தான். யானை நடந்து வரும்போது நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் நுனிகள். இரண்டும் தெரிகிறதா? ஒரு புல் கொத்து மறைத்தாலும் யானை இன்னும் நாலு அடி வைக்கும் வரை காத்திருங்கள். நுனிக்கும் ஃபிரேமின் கீழ்விளிம்புக்கும் நடுவில் கண்டிப்பாக மண் தெரிய வேண்டும். பதற்றத்தில் முகத்தைப் பெரிதாக்கப் போய் நுனியை வெட்டிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. யானையின் பாதங்களும் அதே மாதிரி. பாதம் இல்லாத யானைக்குக் கனம் வராது.

அடுத்தது, கொம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. வெளிச்சமான கொம்பு இருட்டான எதன் மேலாவது விழ வேண்டும்: மார்பின் நிழல், முன்னங்கால், மழைமேகம். இரண்டு கொம்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பக்கவாட்டுப் படத்தில் ஒரே கொம்பாகிவிடும். நேர்முகத்திலிருந்து சற்றே விலகி வரும்போது இரண்டும் பிரிந்து, இரண்டின் வளைவும் தெரியும். அந்தக் கோணத்துக்காகத்தான் வண்டியை வழியில் நேராக நிறுத்தாமல் ஓர் ஓரமாக நிறுத்தச் சொல்வேன்.

அப்புறம் துதிக்கை. அது கொம்புக்கு நடுவில் நேராகத் தொங்கும்போது இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் சுருண்டு ஒரு கொம்பின் மேல் விழுந்தால் விட்டுவிடுங்கள். கால்களில் ஒன்று முன்னால் போய் மற்றதிலிருந்து பிரிந்து தெரியும் கணம் வேண்டும். நாலு காலும் சேர்ந்து நின்றால் தூண் மாதிரி ஒட்டிப்போகும்.

இத்தனையும் ஒன்றுசேர்வது சில நொடிதான். ஷட்டரை விடாமல் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இங்கே உதவாது. கார்டு நிறைந்துகொண்டிருக்கும், கண் ஃபிரேமைப் பார்க்காது. காலடிக்கு ஒன்றாக, இரண்டு மூன்று படம் போதும். ஒவ்வொரு கொம்பனுக்கும் ஒரு பக்கக் கொம்பு அதிகமாகத் தேய்ந்திருக்கும். நாம் வலக்கை, இடக்கை என்பது போல அதற்கும் ஒரு பக்கம். நீளமான கொம்பு கேமராவுக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று கவனித்து நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கிளிமஞ்சாரோவை உள்ளே கொண்டுவர எல்லாருக்கும் ஆசை. 5,895 மீட்டர் மலை. விடியலிலும் அந்தியிலும்தான் பெரும்பாலும் மேகம் விலகும். வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மலைக்காக யானையைச் சிறிதாக்க வேண்டாம். என் கணிப்பில் தூசியும் வெற்று வானமும் உள்ள படத்தைத்தான் சுவரில் பல வருடம் பார்க்க முடிகிறது.

9. அன்றிரவு

கார்டை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். திரும்பும்போது இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கேமராவைத் தூரிகையால் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைக் கழற்ற வேண்டும். அன்று எடுத்ததில் நுனி வெட்டுப்பட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். அழிக்க வேண்டாம், எண்ணினால் போதும். மறுநாள் கை தானாகத் திருந்தும்.

10. கறுப்பு வெள்ளை

நிறத்தை எடுத்துவிட்டால் கொம்பு, தோல், வானம் மூன்றும் வெறும் வெளிச்ச அளவுகளாகின்றன. அதனால்தான் இந்த விஷயத்துக்கு அது பொருந்துகிறது. மாற்றும்போது நீலத்தைக் குறைத்தால் வானம் கறுக்கும், மஞ்சளை ஏற்றினால் கொம்பு துலங்கும். சாவோவின் செம்மண்ணில் புரண்ட யானையென்றால் ஆரஞ்சை ஏற்றாதீர்கள், உடம்பும் சேர்ந்து வெளுக்கும். அங்கே கொம்பை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

சுருக்கங்களைக் காட்டுகிறேன் என்று கிளாரிட்டியை (விளிம்புகளின் வேறுபாட்டை ஏற்றும் கருவி) இழுத்துத் தள்ளுவது புதியவர்களின் வழக்கம். தோல் காய்ந்த சேறு மாதிரி ஆகி, கொம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று எழும். திரையில் அழகாகத் தெரியும் அந்தக் கோடு, பிரிண்டில் வெட்டி ஒட்டியது போல இருக்கும். கொம்பை நீட்டுவது, உடைந்த நுனியை ஒட்டுவது இரண்டையும் தொடவே தொடாதீர்கள். அந்த யானை பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து வளர்த்த கொம்பு அது, இருக்கிறபடியே காட்டுங்கள்.

11. வெளியிடும்போது இடத்தைச் சொல்லாதீர்கள்

கேமராவிலும் போனிலும் இடக்குறியை அணைத்து வையுங்கள். கொம்புக்காகக் கொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2014இல் சாவோவில் சாடாவோ என்ற பெருங்கொம்பனை விஷ அம்பால் கொன்றார்கள். எந்தச் சதுப்பு, எந்தப் பாதை, எந்த மணி என்றெல்லாம் படத்தின் கீழே எழுத வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு, பூங்காவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

12. பிரிண்ட், சட்டம், ஈரம்

திரையின் வெளிச்சத்தை முதலில் குறையுங்கள். கடையில் வாங்கியபடியே பளிச்சென்று வைத்து வேலை செய்தால் பிரிண்ட் இருட்டாக வரும், பிரிண்டர் மேல் பழி போடுவோம். அச்சிடும் இடத்தில் அவர்கள் தாளுக்கான வண்ணச் சுயவிவரக் கோப்பைக் கேட்டு வாங்கி, திரையில் ஒத்துப் பாருங்கள். அப்புறம் கொம்பும் கண்ணும் வரும் பகுதியை மட்டும் ஏ4 அளவில் ஒரு சோதனை போடுங்கள். 30 அங்குலத் தாளை இரண்டு முறை போடுவதைவிட அது எவ்வளவோ மலிவு.

தாள், பருத்தி இழையில் செய்த மேட் தாள். மை, பிக்மென்ட் மை. மேட் தாளில் கறுப்பு கொஞ்சம் மென்மையாக விழும். யானைத் தோலுக்கு அது பொருந்தும் என்பது என் அனுபவம். ஆழமான கறுப்பு வேண்டுமென்பவர்கள் பளபளப்புப் பூச்சுள்ள பரைட்டா தாளுக்குப் போகலாம். கொம்பின் வெள்ளை தாளின் வெள்ளையைவிட ஒரு இழை இருட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும்.

விற்க நினைத்தால் எத்தனை பிரதி என்பதை முதல் பிரதிக்கு முன்பே முடிவு செய்து, பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போடுங்கள். பத்து என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாவது போடக் கூடாது.

சட்டம் போடும்போது பிரிண்ட் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வேண்டும். தொட்டால் நம் ஊர் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிவிடும். முழுப் பின்புறமும் பசை தடவி ஒட்டாமல், மேல்விளிம்பில் மட்டும் அமிலமற்ற நாடாவால் தொங்கவிடச் சொல்லுங்கள்; தாள் ஈரத்துக்கு விரியும், சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். குளியலறைச் சுவரும் மழை அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் நான்கு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவில் காற்று ஓடும்.

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பிப்ரவரி வாக்கில் படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அன்றே சட்டத்தைப் பிரித்து, மவுண்டை மாற்றி, வேறு சுவருக்குக் கொண்டு போங்கள்.